பண்ணைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை: ஒரு பெற்றோரின் மதிப்புரை

பண்ணையை மையமாகக் கொண்டு ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஒரு சிறு பள்ளியில் எங்கள் பிள்ளைகள் இருவரும் படிக்கின்றனர். மகள் தொடக்க வகுப்பிலும் மகன் நடுநிலை வகுப்பிலும் இருப்பதால், இரு வயதினருக்கும் இத்தகைய கல்வி எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. பிள்ளை மண்ணில் கை வைப்பது நல்லதுதான், ஆனால் படிப்பு என்ன ஆகும் என்பதே இப்பள்ளிகளைத் தேடி வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்புகளுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் கண்டதில்லை. நடுநிலை வகுப்புகளுக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் கணக்குப் பாடத்துக்குப் பள்ளி தனியாக என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று தீர விசாரித்த பிறகே சேர்க்கச் சொல்வேன்.

பண்ணைப் பள்ளி என்ற பெயரில் பலவகை ஏற்பாடுகள் நடக்கின்றன. வழக்கமான பாடங்களை வகுப்பறையில் முடித்துவிட்டு, வாரத்தில் ஒரு பிற்பகலை மட்டும் தோட்டத்துக்கு ஒதுக்குவது ஒரு வகை. நகரத்துப் பிள்ளைகளைச் சில நாள் பண்ணையில் தங்கவைத்து வேலையில் ஈடுபடுத்துவது மற்றொரு வகை. பிரிட்டனில் 1976 முதல் நடந்துவரும் ஃபார்ம்ஸ் ஃபார் சிட்டி சில்ட்ரன் என்ற தொண்டு அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995-இல் ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் தொடங்கிய தோட்டம், சமையலறையையும் வகுப்பறையையும் இணைத்துக் காட்டியது. இவற்றுக்கெல்லாம் அப்பால், விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, கால்நடைப் பராமரிப்பு ஆகியவற்றின் ஒழுங்கையே பாடத்தின் ஒழுங்காகக் கொள்ளும் பள்ளிகள் உண்டு. நான் இங்கே மதிப்பிடுவது இந்தக் கடைசி வகையைச் சேர்ந்த ஒரு பள்ளியை.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் சமையலும் நெசவும் தச்சுவேலையும் பாடத்திட்டத்தின் நடுவில் இருந்தன. 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரின் வழிகாட்டலில் பிறந்த வால்டார்ஃப் பள்ளி மரபில், ஏறத்தாழ 9 வயதினரான மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உழவையும் வீடு கட்டுவதையும் பாடமாகவே படிக்கின்றனர். காந்தி 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வி, 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு பின்னிக் கற்பிக்கச் சொன்னது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியோ பண்ணை வாழ்வை 12 வயதைக் கடந்த வளரிளம் பருவத்தினருக்கே உரியதாகக் கருதினார். விளைந்ததை விற்று, கணக்கு எழுதி, கூட்டு வாழ்வின் பொருளாதாரத்தை அவர்கள் நேரடியாக அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். நால்வரும் பல கருத்துகளில் வேறுபட்டவர்கள். ஆயினும் படிப்பின் நடுவே கிடைக்கும் இளைப்பாறலாகக் கைவேலையை அவர்களில் எவரும் கருதவில்லை. இந்த அளவுகோலைக் கொண்டே எந்தப் பண்ணைப் பள்ளியையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளையிடம் உண்மையான பொறுப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா, அந்த வேலையில் கண்டது எழுத்தாகவும் எண்ணாகவும் குறிப்பேட்டுக்கு வந்து சேர்கிறதா என்ற இரண்டையும் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் காலை வேளை முழுவதும் வெளியில்தான் கழிகிறது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, கோழிக்கூடு, ஆட்டுக்கொட்டகை, நாற்றங்கால், மட்குக் குவியல், மேட்டுப்பாத்திகள் எனப் பிரித்துக்கொண்டு வேலை செய்கின்றனர். ஒரு குழு ஒரு பொறுப்பை எடுத்தால் அந்தப் பயிரோ அந்த ஈடோ முடியும்வரை அதை விடுவதில்லை. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. வாரத்துக்கு ஒரு வேலை என்று மாற்றிக்கொண்டே போனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் விதை போட்டவர் ஒருவராகவும் காய் பறித்தவர் வேறொருவராகவும் ஆகிவிடுவர், நடுவில் பயிர் வாடியது ஏன் என்ற கேள்வி யாருக்கும் சொந்தமாகாது.

பெற்றோர் பார்வையிட அனுமதித்திருந்த ஒரு காலையில் நான் கண்ட அவரைப் பாத்தி வகுப்பை விரிவாகச் சொல்ல வேண்டும். களையெடுக்கும்போது நெருக்கமாக இருந்த இரண்டு செடிகளை ஆசிரியை வேரோடு பிடுங்கச் சொன்னார். தண்ணீரில் அலசியதும் வேர்களில் சிறு உருண்டைகள் தெரிந்தன. பிள்ளைகளில் சிலர் அதை நோய் என்றனர், ஒருவன் புழுவின் முட்டை என்றான். ஆசிரியை எதையும் மறுக்காமல், ஒரு முடிச்சை நகத்தால் கீறித் திறக்கச் சொன்னார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

“டீச்சர், செடிக்கும் ரத்தம் இருக்கா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“எல்லா முடிச்சும் இப்படித்தான் இருக்கான்னு முதல்ல பார்ப்போம்மா” என்றார் ஆசிரியை.

பார்த்தார்கள். சில முடிச்சுகள் உள்ளே வெளுத்தும், முதிர்ந்தவை சில பச்சையாகவும் இருந்தன. மூன்று வகையையும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி, நிறம் தீட்டிய பிறகே விளக்கம் வந்தது. காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் அந்த முடிச்சுகளில் குடியிருக்கின்றன. உள்ளே சிவப்பு இருந்தால் அவை வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அந்தச் சிவப்பைத் தரும் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். சிறுமியின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது அப்போதுதான் எனக்கும் புரிந்தது. நைட்ரஜன் சுழற்சியைப் படமாக வரைந்து மனப்பாடம் செய்த தலைமுறை நாம். அவரைக்குப் பின் அந்தப் பாத்தியில் எதை நடலாம் என்று அந்த வகுப்பு அடுத்து விவாதித்தபோது, பயிர்ச்சுழற்சி என்ற சொல்லை யாரும் பலகையில் எழுதாமலேயே அந்தக் கருத்து அங்கே பிறந்துவிட்டது.

தொடக்க வகுப்புகளின் மற்றொரு சிறப்பு குஞ்சு பொரிக்கும் பருவம். கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும் என்பதைப் பிள்ளைகள் எங்கும் படித்துவிடலாம். இங்கே பொரிப்பான் பெட்டியின் வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியஸில் காக்கும் பொறுப்பும், முட்டைகளைத் திருப்பி அட்டவணையில் கையொப்பமிடும் பொறுப்பும் அவர்களுடையவை. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இடப்பட்டிருக்கும். ஒரு நாளில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்ப வேண்டும் என்று விதி சொன்ன ஆசிரியர், காரணத்தைச் சொல்லவில்லை. இரட்டைப்படையாகத் திருப்பினால் ஒவ்வோர் இரவும் நீண்ட நேரம் முட்டையின் அதே பக்கம் மேலே இருக்கும் என்பதைக் குறிகளை வரைந்து பார்த்துப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, விளக்கொளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தபோது, கரு வளர்ந்தவற்றில் ரத்த நாளங்கள் வலைபோல் தெரிந்தன. 12-இல் 9 முட்டைகளில் கரு இருந்தது. நான்கில் மூன்று பங்கு என்ற பின்னத்தை என் மகள் அன்று வீட்டில் சொன்ன விதத்தில், அது புத்தகத்துப் பின்னமாகத் தோன்றவில்லை. 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தவும், ஈரப்பதத்தைக் கூட்டவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மழைமானியும் இந்த வயதுக்கு ஏற்ற ஆசிரியன்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர் என்பதை ஐந்தாம் வகுப்பார் தட்டில் நீரை ஊற்றி அளந்து தெளிந்த பிறகு, கொட்டகைக் கூரையின் பரப்பைக் கொண்டு தொட்டியில் எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்கிட்டனர். தொட்டியில் சேர்ந்தது கணக்கைவிடக் குறைவு. கூரை விளிம்பில் வழிந்தது எவ்வளவு, ஓடு உறிஞ்சியது எவ்வளவு என்று அவர்கள் எழுதிய காரணங்கள், கணக்கில் வரும் விடைக்கும் உலகில் கிடைக்கும் விடைக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு என்பதை இளம் வயதிலேயே உணர்த்தியிருக்கின்றன.

இவை அனைத்தையும் பாடமாக்குவது குறிப்பேடுதான். தேதி, வானிலை, செய்த வேலை, அளந்த அளவு, வரைந்த படம், எழுந்த கேள்வி ஆகியவற்றை ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் எழுத வேண்டும். கை கழுவி உள்ளே வந்ததும் அரை மணி நேரம் அதற்கென்றே அமைதியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுதத் தயங்கும் சிறுவர்கள்கூட, எழுதுவதற்குச் சொந்தச் செய்தி இருப்பதால் எழுதுகின்றனர். மொழிப் பாடத்தைப் பற்றி எனக்கு இருந்த கவலை இந்தக் குறிப்பேடுகளைப் படித்த பின் நீங்கியது. எழுத்துப் பிழைகளைத் திருத்துவதில் மட்டும் ஆசிரியர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்.

நடுநிலை வகுப்புகளுக்கு வருகிறேன். இங்கே பண்ணை கடினமான கேள்விகளைக் கேட்கிறது. பள்ளியும் நல்ல முறையில் அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஏழாம் வகுப்பார் இரண்டு மட்குக் குவியல்களை அமைத்தனர். ஒன்று எல்லாப் பக்கமும் 1 மீட்டர், மற்றொன்று அரை மீட்டர். இரண்டிலும் ஒரே கலவை, ஒரே ஈரம். பெரிய குவியல் சில நாளில் 55 டிகிரியைத் தாண்டியது, சிறியது வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. பொருள் ஒன்றாக இருக்க வெப்பம் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்குப் பரப்பும் கனஅளவும் விடை தந்தன. 1 மீட்டர் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர மீட்டர், கனஅளவு 1 கன மீட்டர். அரை மீட்டர் கனசதுரத்தில் புறப்பரப்பு 1.5, கனஅளவு 0.125. அதாவது ஒவ்வொரு கன மீட்டருக்கும் வெப்பத்தை வெளியே விடும் பரப்பு 6-லிருந்து 12 ஆகிவிடுகிறது. சிறிய விலங்குகள் ஏன் ஓயாமல் தின்றுகொண்டே இருக்கின்றன என்பதையும் இதே கணக்கால் விளக்கலாமா என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அடுத்த ஈட்டில், கலவையின் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான விகிதத்தை 25 முதல் 30-க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவர, உலர்ந்த இலையையும் பசும்புல்லையும் எந்தெந்த எடையில் சேர்ப்பது என்று கணக்கிட்டனர். விகிதசமமும் சராசரியும் இதைவிடத் தேவையோடு கற்பிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்பில் சரிவான நிலத்துக்குச் சமமட்டக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, போடும் பணி வந்தது. இரண்டு கால்களும் ஒரு குறுக்குச் சட்டமும், உச்சியிலிருந்து தொங்கும் தூக்குநூலும் கொண்ட ஏ வடிவச் சட்டத்தை அவர்களே செய்தனர். கால்களை இடம் மாற்றி வைத்து, நூல் விழும் இரண்டு புள்ளிகளின் நடுவைக் குறித்தால் சட்டம் சற்றுக் கோணலாக இருந்தாலும் சமமட்டத்தைச் சரியாகக் காட்டும். ஏன் காட்டும் என்பதை இருசமபக்க முக்கோணத்தின் நடுக்கோட்டைக் கொண்டு நிறுவ வேண்டும் என்று ஆசிரியர் விட்டுவிட்டார். அந்த நிறுவலைச் சிலர் முடித்தனர், பலர் முடிக்கவில்லை.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. பண்ணை தரும் கணக்கு அளவீடு, பின்னம், விகிதம், பரப்பு, சராசரி, வரைபடம் ஆகியவற்றில் மிக வளமானது. அதற்கு மேல் நடுநிலைக் கணக்கு கேட்கும் இயற்கணிதம் அங்கே தானாக விளைவதில்லை. கடன் கணக்கைக் கொண்டு குறை எண்களை அறிமுகப்படுத்தலாம். ஆனால் இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதற்கு எந்தப் பாத்தியும் விடை தராது. குறியீடுகளைக் கையாளும் பழக்கம், படிப்படியாக நிறுவும் ஒழுங்கு, போதிய பயிற்சி ஆகியவற்றுக்கு மேசையும் நேரமும் வேண்டும். எங்கள் பள்ளியில் அறுவடைக் காலம் வந்தால் முதலில் சுருங்குவது கணக்குப் பயிற்சி வேளைதான். என் மகன் சமன்பாடுகளில் பின்தங்கியிருந்ததைப் பள்ளியிடம் சொன்னபோது, அடுத்த பருவத்தில் ஈடுகட்டுவோம் என்ற பதில் வந்தது. அந்தப் பருவத்திலும் வேலை வந்து நேரத்தைத் தின்றது. பெற்றோர் பலர் சேர்ந்து வற்புறுத்திய பிறகே, பண்ணையில் எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைக்கப்படாத கணக்கு வேளை ஒன்று நடுநிலை வகுப்புகளுக்கு ஏற்பட்டது. இது முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

ஆய்வுகளும் ஏறத்தாழ இந்தப் பக்கமே சாய்கின்றன. 1990 முதல் 2010 வரை தோட்டவழிக் கற்றல் குறித்து வெளிவந்த 48 ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியான தொகுப்பு, பெரும்பாலானவற்றில் படிப்புக்கு நன்மை தெரிந்ததாகவும், அறிவியலில் அது மிகுதி என்றும், கணக்கும் மொழியும் அதற்கு அடுத்தபடி என்றும் கூறியது. அவற்றில் பல ஆய்வுகளின் முறை போதிய கறாரானதாக இல்லை என்பதையும் அந்தத் தொகுப்பே ஒப்புக்கொண்டது. ஆகவே பண்ணையில் படித்தால் எல்லாப் பாடத்திலும் முந்துவர் என்று எந்தப் பள்ளியாவது உறுதி கூறினால் அதை நம்ப வேண்டாம்.

பிள்ளைகளின் உழைப்பு குறித்தும் கேட்டாக வேண்டும். விளைபொருளை விற்பதும் வரவு செலவு எழுதுவதும் நடுநிலை வகுப்பினருக்கு அருமையான பாடங்கள். ஆயினும் பள்ளியின் செலவுக்கு அந்த விற்பனை தேவைப்படும் நிலை வந்தால், கற்பதற்கான வேலை எது, வருவாய்க்கான வேலை எது என்ற கோடு அழியத் தொடங்கும். காந்தியின் ஆதாரக் கல்விக்கான வார்தா திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவே, பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு என்று எச்சரித்தது. எங்கள் பள்ளியில் விற்ற பணம் அடுத்த பருவத்து விதைக்கும் கருவிக்கும் மட்டுமே செல்கிறது, அந்தக் கணக்கையும் மாணவர்களே வைத்திருக்கின்றனர். பெரும்பாரமான வேலைகளைப் பண்ணைத் தொழிலாளர்கள் செய்கின்றனர். இதில் எனக்கு மனநிறைவே.

பாதுகாப்பில் பள்ளி பொதுவாக நல்ல கவனத்தோடு இருக்கிறது. வயதுக்கேற்ற அளவில் மண்வெட்டியும் களைக்கொத்தியும் உண்டு, கூரிய கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகின்றனர், ரணஜன்னித் தடுப்பூசி போட்டதற்கான சான்றைச் சேர்க்கையின்போதே கேட்கின்றனர். ஆனால் ஆட்டுக்கொட்டகை அருகிலுள்ள கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லாததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்தேன். சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் நோயற்றதாகத் தோன்றும் கால்நடைகளிடமிருந்தும் பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடும் என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது சோப்பு வைக்கும் பொறுப்பும் ஒரு குழுவுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர் ஒருவரும் அதைச் சரிபார்க்க வேண்டும்.

சாவு பற்றிப் பள்ளி நடந்துகொண்ட முறையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டி ஒன்று இறந்தபோது, அதை மறைத்துவிட்டு வேறு கதை சொல்லவில்லை. குட்டியைக் கவனித்துவந்த குழுவிடம் முதலில் சொல்லி, மருத்துவர் கண்ட காரணத்தை விளக்கி, புதைக்கும்போது உடனிருக்க விரும்பியவர்களை இருக்கவிட்டு, விரும்பாதவர்களை வற்புறுத்தாமல் விட்டனர். என் மகள் அழுதாள், பிறகு தாய் ஆட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்கும் அவளுக்கு நேர்மையான பதில் கிடைத்தது.

விடுமுறைக் காலம் எல்லாப் பண்ணைப் பள்ளிகளுக்கும் சோதனை. பயிரும் கால்நடையும் பள்ளி நாள்காட்டியை அறியா. எங்கள் பள்ளியில் குடும்பங்கள் முறைவைத்து வர வேண்டும் என்று சேர்க்கையின்போதே எழுதி வாங்கிக்கொள்கின்றனர். இருவரும் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது பாரம், முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும்.

மதிப்பெண் பட்டியல் கிடையாது. பருவத்துக்கு ஒரு விரிவான அறிக்கை வருகிறது, பிள்ளையின் இயல்பை நுட்பமாகச் சொல்கிறது. ஆனால் எந்தப் பாடத்தில் எந்த அளவை எட்டியிருக்கிறார் என்பது அதிலிருந்து தெளிவாகத் தெரிவதில்லை. எட்டாம் வகுப்புக்குப் பின் வேறு பள்ளிக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு இது உண்மையான இடையூறு. கடைசி இரண்டு ஆண்டுகளிலாவது பாடவாரியான தெளிந்த மதிப்பீடு வேண்டும் என்று பள்ளியிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

ஒவ்வாமை, மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கும், வெயிலையும் அழுக்கையும் மனதாரத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கும் இது கடினமாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கென உயரப் பாத்திகளும் கெட்டியான நடைபாதையும் எங்கள் பள்ளியில் உண்டு. எல்லா இடத்திலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கச் செல்வோர் அறுவடை விழா நாளைத் தவிர்த்து, பாத்திகள் வெறுமையாகக் கிடக்கும் ஒரு சாதாரண வேலை நாளில் செல்லவும். எதிர்ப்படும் பிள்ளையிடம் உன் பொறுப்பு என்ன, நேற்று அதில் என்ன பார்த்தாய் என்று கேட்கவும். சென்ற ஆண்டின் குறிப்பேடுகளில் ஒன்றிரண்டை வாங்கிப் புரட்டவும்; நடுநிலை வகுப்பென்றால் கணக்குப் பயிற்சி ஏடுகளையும் கூடவே கேட்கவும். எட்டாம் வகுப்பு முடித்து வேறிடம் சென்ற மாணவர்களின் பெற்றோர் ஓரிருவரிடம் பேசிவிட்டுச் சேர்ப்பது நல்லது. அப்படிப் பேச ஏற்பாடு செய்து தரப் பள்ளி தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.